டீசலுக்கு அடியில் தண்ணீர்

தொழிற்பேட்டை வந்த புதிதில் ஓசூரில் வளர்ந்த நம்மில் யாராவது, கடையில் வாங்கிய பொம்மையோடு விளையாடினேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். நமக்குக் கம்பெனிக் குப்பைதான் பொம்மை. லேத்தில் சுருள் சுருளாக விழுந்த இரும்புச் சீவலைக் காதில் மாட்டிக்கொண்டு, காது கிழிந்து, அதற்கும் சேர்த்து அடி வாங்கியவர்கள் நாம். எனக்கு ரொம்பப் பிடித்தது பிளாஸ்டிக் கம்பெனியின் பின்சுவர் ஓரம் கொட்டிக் கிடக்கும் துண்டுகள். பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் விடும் வழியில் மிஞ்சி இறுகிப் போனவை. சிவப்பும் நீலமுமாக, குட்டிக் கேரட் போல ஒரு முனை கூராக இருக்கும். புதிதாகக் கொட்டியவற்றில் இளஞ்சூடு இருக்கும், மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தது போல ஒரு வாசமும் வரும். பாவாடை மடியில் கட்டிக்கொண்டு வருவேன்.

அந்தப் பின்சுவர் இப்போது இல்லை. அங்கே பேட்டரி ஸ்கூட்டர் விற்கும் கண்ணாடிக் கடை ஒன்று இருக்கிறது. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது சும்மா நின்று பார்த்தேன். ஒரு பெண் சிரித்த முகமாக வந்து, "என்ன மாடல் பாக்கறீங்க மேடம்?" என்றாள். உண்மையைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. விலை கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நான் சொல்லப் போகும் புரட்டாசியில் எனக்குப் பத்து வயது இருக்கலாம். அந்த வருடம் கரண்ட் நின்று நின்று வந்தது நினைவிருக்கிறதா? கரண்ட் போனதும் ஊர் அமைதியாகிவிடும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு கம்பெனியாக ஜெனரேட்டர் உறுமத் தொடங்கும். எந்தச் சத்தம் எந்தக் கம்பெனியுடையது என்று வீட்டில் இருந்தபடியே சொல்லிவிடுவோம்.

எங்கள் அப்பா அதில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் பார்த்தார். ஜெனரேட்டருக்கு வேண்டிய டீசல் பேரல்கள் அவருடைய ஸ்டோரில்தான் பூட்டி இருக்கும். சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு அவர் தெருமுனையில் திரும்பும்போதே எனக்குச் சத்தம் கேட்டுவிடும். பேரலில் எவ்வளவு டீசல் இருக்கிறது என்று பார்க்க அவரிடம் ஒரு நீளமான குச்சி உண்டு. உள்ளே விட்டு எடுத்து, எதுவரை நனைந்திருக்கிறதோ அதுவரை டீசல் என்று கணக்கு. அக்கம்பக்கத்துக் கம்பெனிகளிலும் அப்படித்தான் பார்த்தார்கள். வெளியே வரும் குச்சி முழுக்க டீசல் வாடைதான் அடிக்கும். அடியில் வேறு ஏதாவது இருக்குமோ என்று யார் யோசிப்பார்கள்?

அப்பா அதிகம் பேசமாட்டார். பேசினால் ஒருவரோடுதான் பேசுவார். அவர் என் ஞானத் தகப்பன். ஞானஸ்நானத்தின்போது குழந்தையைக் கையில் ஏந்தி நிற்பவரை எங்கள் சபையில் அப்படிச் சொல்வோம். குந்தாரப்பள்ளிப் பக்கத்தில் இருவருக்கும் ஒரே ஊர். வேலை தேடி ஒரே பஸ்ஸில் ஓசூர் வந்தவர்கள். அப்பா ஸ்டோரில் சேர்ந்தார், அவர் அதே கம்பெனியில் ஜெனரேட்டர் ஓட்டினார். எங்களுக்கு அடுத்த வீடு. நான் அவரை மாமா என்பேன்.

மாமா இருக்கும் இடத்தில் சிரிப்புச் சத்தம் இருக்கும். எந்த சோப்புக்கும் போகாத டீசல் வாடை அவர் கையில் இருக்கும். பெரியவர்கள் பிள்ளைகளிடம் கேட்கும் வழக்கமான கேள்விகளை அவர் கேட்கமாட்டார். "பாப்பா, இன்னிக்கு என்னா கண்டுபுடிச்ச?" என்று கேட்பார். நான் சொல்வதை, குனிந்து, என் உயரத்துக்கு வந்து கேட்பார். அப்படிக் கேட்ட மனிதருக்காக நான் என்ன வேண்டுமானாலும் செய்திருப்பேன். செய்தும் தொலைத்தேன்.

ஒரு நாள் அம்மா என்னை ரேஷன் கடைக்குச் சீமெண்ணெய் வாங்க அனுப்பினாள். கழுவிய பாட்டிலைச் சரியாகக் கவிழ்த்து வைக்கவில்லை போலிருக்கிறது, அடியில் தண்ணீர் நின்றிருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பாட்டிலுக்குள் ஒரு கோடு. கீழே தண்ணீர், மேலே சீமெண்ணெய். எவ்வளவு குலுக்கினாலும் கொஞ்ச நேரத்தில் பிரிந்து அவரவர் இடத்துக்குப் போய்விடும். சண்டை போட்ட ஓரகத்திகள் போல ஒட்டவே ஒட்டாது. சும்மா இருக்காமல், மடியிலிருந்த சிவப்புத் துண்டு ஒன்றை உள்ளே போட்டேன். அது சீமெண்ணெயில் மெதுவாக இறங்கியது. அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும் என்று பார்த்தால், அந்தக் கோட்டுக்கு வந்ததும் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. பாட்டிலைச் சாய்த்தால் கோடும் சாய்ந்தது, அதனோடு துண்டும் வந்தது.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அம்மாவிடம் காட்டினேன்.

"அடியேய், அடுப்புக்கு ஊத்தற எண்ணெயில குப்பைய போட்டு வெச்சிருக்கிறியே!" என்று முதுகில் ஒன்று வைத்தாள்.

அப்பா வந்து பார்த்தார். பாட்டிலைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "நீயேவா பாத்த கண்ணு?" என்றார். நான் தலையாட்டினேன். "என் பொண்ணு பொய் சொல்லாது" என்று அம்மாவைப் பார்த்துச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அது எதற்குச் சொன்ன பதில் என்று எனக்குப் புரியவில்லை. ஆனால் அதைக் கேட்டதும் தோளில் தூக்கி வைத்துக்கொண்டது போல இருந்தது.

மாமாவிடம் காட்டியபோது அவர் சிரிக்கவில்லை. கோட்டின் மேல் விரலை வைத்துக் கேட்டார்.

"துண்டு நிக்கிற எடத்துக்குக் கீழ பூராத் தண்ணியா?"

"ஆமா மாமா."

"தண்ணி இல்லன்னா?"

"அடி வரைக்கும் போயிடும்."

"டீசல்லயும் இப்பிடி நிக்குமா?"

எனக்குத் தெரியாது என்றேன். அடுத்த நாள் எங்கிருந்தோ குளுக்கோஸ் ஏற்றும் பெரிய கண்ணாடி பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அப்படி ஒரு சுத்தமான கண்ணாடியை நான் தொட்டதே இல்லை. என்னை அவர் வீட்டுப் பின்கட்டுக்குக் கூட்டிப் போனார். விறகுக்குப் பின்னால் சாக்கு போட்டு மூடியிருந்த கேனிலிருந்து டீசலைச் சாய்த்து ஊற்றினார். தண்ணீருக்கு மேல் மஞ்சளாக டீசல் நின்றது. துண்டைப் போட்டோம். இறங்கிப் போய்க் கோட்டில் நின்றது. மாமா கை தட்டினார். நானும் தட்டினேன். வீட்டில் டீசல் கேன் எதற்கு என்று கேட்க எனக்கு என்ன அறிவா இருந்தது? ஜெனரேட்டர் ஓட்டுகிறவர் வீட்டில் டீசல் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், டெய்லர் வீட்டில் நூல் இருப்பது போல.

பிறகு அவர் ஒரு யோசனை சொன்னார். ஆயுத பூஜை வரப்போகிறது. உங்களுக்குத் தெரியும், வருடத்தில் அந்த ஒரு நாள்தான் கம்பெனிக் கதவு நம் வீட்டு ஆட்களுக்குத் திறக்கும். "அன்னிக்கு மேனேஜர் சார் முன்னால இத நீ செஞ்சு காட்டற. பேரல்லயும் போட்டுப் பாக்கலாமா சார்னு கேக்கற. நூலுல கட்டி எறக்கு. மூலையில ஒரு பச்ச பேரல் இருக்கும், அதக் காட்டு. அதுதான் ரொம்பி இருக்குது, நல்லாத் தெரியும்" என்றார். நான் கேட்டால்தான் அழகாக இருக்குமாம், அவர் கேட்டால் நன்றாக இருக்காதாம். "அப்பாகிட்ட இப்ப சொல்லிடாத. அன்னிக்குப் பாத்து அசந்து போவட்டும்."

நான் பாடம் ஒப்பிப்பது போல மனப்பாடம் செய்தேன். மாமா மேனேஜராக நின்று என்னைக் கேட்கச் சொல்வார். குரல் இறங்கினால், "சத்தமா, எல்லாருக்கும் கேக்கற மாதிரி" என்பார்.

பூஜை அன்று கம்பெனி எப்படி இருந்தது என்று இன்றும் கண்ணை மூடினால் வரும். கேட்டில் வாழைக்கன்று. மிஷின்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் சாமந்தி மாலையும். கிரீஸ் வாடையும் ஊதுபத்தி வாடையும் கலந்து ஒரு மாதிரி தலை சுற்றும். வாசலில் உடைத்த பூசணிக்காயை மிதிக்காமல் பெண்கள் சேலையைத் தூக்கிக்கொண்டு தாண்டினார்கள். அப்பா தன் ஸ்டோர் தராசுக்குத் தானே பொட்டு வைத்திருந்தார், தன் நெற்றியில் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. அம்மா படைத்த பொரியைச் சாப்பிடமாட்டாள், ஆனால் மறுக்கவும் மாட்டாள், முந்தானையில் வாங்கிக்கொள்வாள். நான் எல்லாவற்றையும் சாப்பிட்டேன்.

மேனேஜர் பெங்களூர்க்காரர், கன்னடம் கலந்த தமிழ். ஸ்டோர் வாசலில் என் பாட்டிலைப் பார்த்ததும், "ஏனம்மா இது?" என்று, என்னவென்று கேட்டுக் குனிந்தார். நான் செய்து காட்டினேன். கூட்டம் சேர்ந்துவிட்டது. "பலே!" என்று என் கன்னத்தைத் தட்டினார். அப்பாவின் முகம் பளபளத்தது. மாமாவைத் தேடினேன். கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தார். லேசாகத் தலையை அசைத்தார்.

"பேரல்லயும் போட்டுப் பாக்கலாமா சார்?" என்றேன், சத்தமாக, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "அந்தப் பச்ச பேரல்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் சிரித்துக்கொண்டே, "ஆகட்டும், போடு" என்றார். பேரலின் மூடியை அப்பாவே ஸ்பேனர் போட்டுத் திறந்தார். நான் எட்டாமல் தவித்தபோது இடுப்பைப் பிடித்து என்னைத் தூக்கியவரும் அவரே.

நூலை விட்டேன். இறங்கியது, இறங்கியது, பாதிகூட இறங்கியிருக்காது, நூல் தளர்ந்துவிட்டது. இழுத்துப் பார்த்து மறுபடி விட்டேன். அதே இடம்.

"நின்னுடுச்சு!" என்று கத்தினேன். "கீழ தண்ணி இருக்குதுப்பா! நெறைய இருக்குது!"

என் இடுப்பைப் பிடித்திருந்த கைகள் அப்படியே நின்றன. மேனேஜரின் சிரிப்பு அடங்கியது. அவர் யாரையோ பார்த்துக் கன்னடத்தில் ஏதோ சொல்ல, ஒரு ரப்பர் குழாய் வந்தது. அதை அடிவரை விட்டு உறிஞ்சி வாளிக்குள் விட்டார்கள். வந்தது தண்ணீர். வாளி நிறைந்தும் தண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது. மேனேஜர் கையை நனைத்து மோந்தார். "இது நீரு. டீசல் எல்லி?" என்றார், டீசல் எங்கே என்று. மற்ற பேரல்களையும் திறந்தார்கள். இன்னும் சிலவற்றிலும் அப்படியே.

உங்களுக்கு இது அப்போதே புரிந்திருக்கும், எனக்குப் புரிய வருடங்கள் ஆயின. மேலேயிருந்து டீசலை எடுத்துவிட்டுத் தண்ணீரை ஊற்றினால் தண்ணீர் கீழே போய்விடும். குச்சி எப்போதும் போல மேல்வரை நனையும். தண்ணீர் ஜெனரேட்டருக்குள் போய் அது நின்றிருந்தால், ஓட்டுகிறவரைத்தான் முதலில் கேட்டிருப்பார்கள். பூட்டிய ஸ்டோருக்குள், நல்ல நாளில், ஒரு குழந்தையின் விளையாட்டில் அது தெரிய வந்தால் யாரைக் கேட்பார்கள்?

"சாவி யார் கிட்ட?" என்று மேனேஜர் கேட்டார்.

"என்கிட்டதான் சார்" என்றார் அப்பா.

அவர் வீட்டில் இருக்கும் நேரத்தில் கரண்ட் போனால் மாமா வந்து சாவியை வாங்கிக்கொண்டு போவார். எங்கள் தெருவுக்கே தெரிந்த விஷயம். அப்பா அதைச் சொல்லவில்லை. மாமா சொல்வார் என்று காத்திருந்தாரோ என்னவோ. மாமா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்பாவை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். சாவிக்கொத்தை அங்கேயே மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார். தெருவில் அவர் சத்தமில்லாமல் நடந்து வந்ததைப் பார்த்து நான் அழுதேன்.

அக்டோபர் மாதம் எங்களுக்கு ஜெபமாலை மாதம். எது நடந்தாலும் சாயங்காலம் கோயிலுக்குப் போயாக வேண்டும். அம்மா என்னை இழுத்துக்கொண்டு போனாள். நாங்கள் திரும்பும்போது மாமா எங்கள் வீட்டிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

நான் உள்ளே போய் அப்பாவின் முன்னால் நின்றேன். அதற்குள் எனக்கு ஏதோ கொஞ்சம் பிடிபட்டிருந்தது. "அப்பா, மாமாதான் என்னக் கேக்கச் சொன்னாரு. பச்ச பேரலயும் அவருதான் சொன்னாரு. அவங்க வீட்டுல ஒரு கேன்ல டீசல் இருக்குதுப்பா" என்றேன்.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் ஆறிப் போயிருக்கும்.

"உன்னக் கோயில்ல கையில ஏந்துனவன்" என்றார். "அவன் மேலயா பழி போடற?"

அவ்வளவுதான். வேலை போனது. கம்பெனி வீடு போனது. அந்தக் கண்ணாடி பாட்டில் சாமான் ஏற்றும்போது எங்கே விழுந்ததோ தெரியாது. நான் தேடவும் இல்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் அறுக்கும் கம்பெனி ஒன்றில் அப்பாவுக்கு வாட்ச்மேன் வேலை வாங்கிக் கொடுத்தது யார் என்று நினைக்கிறீர்கள்? மாமாதான். "அவன் இல்லன்னா நாம தெருவுல நின்னிருப்போம்" என்று அப்பா கடைசிவரை சொன்னார். கிறிஸ்துமஸுக்கு மாமா வந்தால் அப்பாவின் முகத்தில் வரும் வெளிச்சம் வேறு எந்த நாளிலும் வராது. என் கல்யாணத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்று வந்தவர்களை வரவேற்றவரும் அவர்தான்.

வேலை போனதைக்கூட நான் மறந்திருப்பேன். மறக்க முடியாதது ஒன்று. அந்த நாளுக்குப் பிறகு, நான் எது சொன்னாலும் அப்பா அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார். பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் என்று சொன்னால் பார்ப்பார். கணக்கு டீச்சர் வீட்டுக்குப் போய் வந்தேன் என்றால் பார்ப்பார். அம்மா தலையாட்டினால்தான் நான் சொன்னது செல்லும். படித்து, ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் சேர்ந்தேன். நான் கையெழுத்துப் போட்டால் லாரி லாரியாக எண்ணெய் உள்ளே வரும், போடாவிட்டால் வாசலோடு திரும்பும். ஊரே நம்பிய கையெழுத்து அது. வீட்டுக்குப் போய், "மழை வருதுப்பா" என்றால், அவர் அம்மாவைப் பார்ப்பார். மாமா மேல் பழி போட்டதற்காகத்தான் இவ்வளவு கோபம் என்று நினைத்தேன். ஒரு நாள் உண்மை தெரியும், அப்போது என்னைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வார் என்று வயதான பிறகும் காத்திருந்தேன். சொல்லாமலே போய்ச் சேர்ந்தார்.

அவருடைய முப்பதாம் நாள் பூசைக்கு மாமா வந்தார். அவருடைய மகன் கையைப் பிடித்துக் காரிலிருந்து இறக்கினான். கோயிலிலிருந்து வந்து எல்லோரும் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். என் பேரப்பிள்ளைகளைப் பார்த்து மாமாவுக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது.

"உங்க பாட்டி சின்னதுல பெரிய வாலு. பூஜை அன்னிக்கு ‘மாமா, பேரல்ல போட்டுப் பாக்கணும், பேரல்ல போட்டுப் பாக்கணும்’னு ஒரே அடம். வேணாம் பாப்பான்னு எவ்வளவோ சொன்னேன். கேட்டாத்தானே! பாவம், அதோட அவங்கப்பனுக்கு வேல போச்சு."

என் கை இலையிலேயே நின்றது. "நானா மாமா அடம் புடிச்சேன்?"

"பின்ன யாரு? ஆனா நான் உன்னக் காப்பாத்தினேன்மா. நீங்க ரெண்டு பேரும் ஜெபமாலைக்குப் போயிருந்தப்பவே உங்கப்பன்கிட்ட வந்து சொன்னேன். கொழந்த தானாத்தான் கேட்டுச்சு, இப்ப பயத்துல யார் மேலயாவது சொல்லும், அடிச்சுடாதடான்னு."

"நீங்கதான் என்னக் கேக்கச் சொன்னீங்க" என்றேன். "மூலையில இருக்கற பச்ச பேரல காட்டச் சொன்னதும் நீங்கதான். டீசல் உங்க வீட்டுல இருந்துச்சு."

மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். வயதானவள் உளறுகிறாள் என்பது போன்ற சிரிப்பு. சாம்பார் வாளியோடு வந்த பையன் யாருக்கு ஊற்றுவது என்று தெரியாமல் நின்றான். "வுடுடி, சாப்பிடற நேரத்துல" என்றாள் அம்மா.

நான் சொல்லப் போவதை நான் சொல்வதற்கு முன்பே அப்பாவிடம் பொய்யாக்கி வைத்துவிட்டுத்தான் அன்று என் தலையைத் தடவிக்கொண்டு போயிருக்கிறார். கார் போன பிறகு அம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். அவளுக்குக் காது மந்தம், ஆனால் அன்று எல்லாம் கேட்டது.

"அப்பா கடைசிவரைக்கும் நான் பொய் சொன்னேன்னா நெனச்சாரு?"

"ஆமா. வேல போனதுக்கு வருத்தப்படல, எம் பொண்ணு பொய் சொல்லிடுச்சேன்னு ஒரு தடவ அழுதாரு."

"நான் பொய் சொல்லலம்மா."

"எனக்குத் தெரியும்டி" என்றாள். "அவங்க வீட்டு விறகுக்குப் பின்னால இருந்த கேன நானும் பாத்திருக்கறேன்."

"பின்ன ஏன் ஒரு வார்த்த அவருகிட்ட சொல்லல?"

அம்மா சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்தாள்.

"அவருக்குன்னு இருந்தது அந்த ஒரு ஆளு. அவனும் இல்லன்னா மனுசன் என்னா ஆயிருப்பாரு? நீ நாங்க பெத்த பொண்ணு. நீ எங்க போயிடப் போற?"

எங்கும் போய்விடவில்லை. இதை எழுதி முடித்ததும் அவளுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு வரப் போகிறேன்.